கதவில் தொங்கிய ஆமை

பிளாயா ஹிகேரோ,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள மகன் கிரெய்வினுக்கு,

அம்மா ஒதிலி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். சான் ஹோசே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க ஆசைதான். கேட்டால் பதில் வர வேண்டுமே. நான் போனில் அனுப்புவதையெல்லாம் நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. அதோடு சரி. கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புது வேலை, புது ஊர், ஹோட்டலின் தலைமை அலுவலகம், மூச்சுவிட நேரமில்லை என்று உன் அப்பா உனக்காகப் பரிந்து பேசுகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

இதைச் சனிக்கிழமை காலை பஸ் டிரைவர் எல்மரிடம் பார்சலோடு கொடுத்தனுப்புவேன். நம் மரத்துப் புளியை உருட்டி வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த சோளமாவு வளையமும் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள். போன முறைபோல இரண்டு நாள் அங்கேயே கிடந்து எறும்பு மொய்க்கும்படி விடாதே.

ஊர்ச் செய்தி என்றால் தண்ணீர்தான். மார்ச் முடியப் போகிறது, குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறது. போன வருடங்களில் இந்த நேரத்துக்கு லாரிக்காக வாளியோடு வரிசையில் நின்று, ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கிணற்றில் உப்பு ஏறிவிடும். இந்த வருடம் காலையும் வருகிறது, மாலையும் வருகிறது. தண்ணீர்க் கமிட்டிக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். ஹோட்டல்காரர்கள் கிணற்றை உறிஞ்சாமல் விட்டதற்கு ஒதிலி மகன் மாட்டிவிட்ட ஆமைதான் காரணம் என்றார்கள். நானும் கைதட்டினேன்.

அந்த ஆமை வந்த கதையை நினைத்துப் பார்க்கிறேன். கரையில் ஒதுங்கிய கட்டையை எடுத்துவந்து அப்பாவின் மீன் கத்தியால் நீ ஆமையாகச் செதுக்கிக்கொண்டிருந்தாய். விரிப்பும் துண்டும் இன்றைக்கு மாற்ற வேண்டாம் என்று நினைக்கிற ஹோட்டல் விருந்தாளி இதைக் கதவுக்கு வெளியே மாட்டினால் போதும் என்றாய். நான் சிரித்தேன். உன் அப்பா அடுத்த வாரம் முழுக்க ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு, நானும் ஆமை மாட்டியிருக்கிறேன், என் பக்கம் வராதே என்று கேலி பண்ணினார். பிறகு ஹோட்டலில் நாங்கள் வேலை செய்கிற சலவைக்கூடத்தில் துணி குறைந்தது. இரண்டு மெஷின் சும்மா நின்றது. பெண்களை மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு உன்னை நான் பேசிய பேச்சு உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கோபப்படவில்லை. "அம்மா, அவங்க துண்டுல நாம ஊத்துறது நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணிம்மா" என்று மட்டும் சொன்னாய். பிறகு மேனேஜரோடு மல்லுக்கட்டி, அந்தப் பெண்களுக்குத் தோட்டத்திலும் சமையலறையிலும் வேலை வாங்கிக் கொடுத்தவனும் நீதான். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஆமைக்கு எதிரி என்று நீ நினைத்துவிடக் கூடாது.

விருந்தாளிகளில் எத்தனை ரகம் பார்த்துவிட்டோம். அந்த ஜெர்மன் பள்ளிக்கூட டீச்சர் தங்கியிருந்த நாள் முழுக்க ஆமையைக் கழற்றவே இல்லை. தன் துணியைத் தானே அலசிப்போட்டு, போகும்போது சலவைக்கூடத்துக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். இன்னொருவர் ஆமையைத் தூக்கி நீச்சல் குளத்தில் எறிந்தார். துண்டு மாற்றத்தான் காசு கொடுத்திருக்கிறேன், உங்கள் ஊரைக் காப்பாற்ற இல்லை என்றார். தேனிலவு ஜோடிகள் கதவில் ஆமையை மாட்டிவிட்டு, உள்ளே ஏசியைப் போட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக் கடல் பார்ப்பார்கள். அறை சுத்தம் செய்கிற நம் பெண்கள் மட்டும் என்ன ஒரே மனதாகவா இருக்கிறார்கள்? நாலு நாள் ஆமை தொங்கிய அறையை ஐந்தாம் நாள் திறந்தால் கட்டில்வரை மணல். ஆனால் அதற்கென்று கூடுதல் நேரம் தருவதில்லை. அந்த எரிச்சலில்தான் போன வருடம் இரண்டு பெண்கள், வேலைக்குப் பயந்து, விருந்தாளி மாட்டாத கதவில் தாங்களே ஆமையை மாட்டி அகப்பட்டுக்கொண்டார்கள். மேற்பார்வை பார்த்த நீதான் அவர்களுக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தாய். ஆமை தொங்கும் கதவை யாரும் தட்டவும் கூடாது என்று விதி போட்டதும் நீதான்.

அந்தப் பழைய கதை இப்போது ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திய உன் ஞானத்தாய் சினியாவின் தலையில் வந்து விடிந்திருக்கிறது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

தண்ணீரைச் சேமிக்கிற ஹோட்டல் என்ற சான்றிதழுக்காக, எத்தனை கதவில் ஆமை தொங்குகிறது என்று சோதனை போட அந்த அம்மாள் வந்தாளே, அதே வாரம். மேல்மாடியில் கடைசி அறையில் ஒரு கனடாக்காரர், கார்னோ என்று பெயர், தன் தாயாரோடு தங்கியிருந்தார். அந்தக் கிழவிக்கு வந்த மறுநாளே வயிறு கெட்டுவிட்டது. வாந்தி, பேதி. மகன் அறையைவிட்டு அசையவில்லை. ரிசப்ஷனுக்குப் போன் போட்டிருக்கிறார், இதோ ஆள் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் அந்தச் சோதனைக்கார அம்மாளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தீர்கள். சொன்ன சொல் காற்றோடு போயிற்று. சினியா வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கதவுவரை போயிருக்கிறாள். ஆமை தொங்கியது. உள்ளே யாரோ முனகுகிற சத்தம் கேட்டு நின்றிருக்கிறாள். தட்டலாமா என்று கையைத் தூக்கிவிட்டு, அந்த அம்மாள் அதே மாடியில் நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டேன் என்று சொல்லி அழுகிறாள். மறுநாளும் ஆமை தொங்கியது. மறுநாளும் போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் காலை நான் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அந்த மனிதர் நாறுகிற விரிப்பு மொத்தத்தையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிற்கிறார். சட்டையெல்லாம் ஈரம். நம் பாஷையில் பத்துச் சொல் தெரிந்திருக்கும் போல. அந்தப் பத்தையும் சேர்த்துக் கேட்டார்.

"உங்க ஆமைக்கு இருக்கிற மரியாதை எங்க அம்மாவுக்கு இல்லையா?"

நான் யாரிடமும் கேட்கவில்லை. விரிப்பை வாங்கிப் போட்டுவிட்டு, புது விரிப்பு எடுத்துக்கொண்டு அவரோடு மேலே போனேன். வழியில் சினியாவையும் கூட்டிக்கொண்டேன். இரண்டு பேருமாகக் கிழவியைத் தூக்கிக் குளிக்க வைத்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரையோ நினைத்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். கீழே வண்டி வரச்சொல்லி லிபேரியா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெளியே வரும்போது அவர் கதவில் தொங்கிய ஆமையைத் தொட்டுக் காட்டினார். இதை யார் மாட்டுவது என்று கேட்டார். விருந்தாளிதான் என்று சொன்னேன். "நான் மாட்டலை. இன்னைக்குக் காலை வரைக்கும் நான் இந்தக் கதவையே திறக்கலை" என்றார். சினியா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்.

சோதனை ஆரம்பித்த அன்று காலை, அலமாரியில் துண்டு அடுக்க நான் மேல்மாடிக்கு வந்தேன். நீ எதிரே வந்தாய். தோளில் நான் தைத்த நீலச் சலவைப் பை, அது நிறைய ஆமை. ஒவ்வொரு கதவாக மாட்டிக்கொண்டே வந்தாய். என்னைப் பார்த்ததும் சின்ன வயதில் திருட்டுத்தனமாகச் சீனி தின்றுவிட்டுச் சிரிப்பாயே, அப்படிச் சிரித்தாய். "பரீட்சைக்கு அலங்காரம்மா" என்றாய். நானும் சிரித்தேன், கிரெய்வின். விருந்தாளிகளைக் கேட்டுத்தான் மாட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு கீழே போனேன்.

கார்னோ தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். படத்தோடு இன்டர்நெட்டிலும் போட்டிருக்கிறாராம். அதற்குள் இங்கே முதல் தரச் சான்றிதழ் கிடைத்து, ஆமை வடிவத்தில் கேக் வெட்டி, நீயும் பதவி உயர்வோடு பஸ் ஏறிவிட்டாய். மேனேஜர் ஃபாப்ரிசியோவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. விருந்தாளி மாட்டவில்லை என்றால் வேலைக்காரிதான் மாட்டியிருக்க வேண்டும். சினியாவுக்கு முட்டிவலி, கடைசி அறைவரை நடக்கக் கஷ்டம், ஊருக்கே தெரியும். கணக்குச் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை முதலாளி வந்து விசாரிக்கப் போகிறார். அந்த அறைக்குள் போனவள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் நேற்று வீட்டுக்கு வந்தாள். ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கிப் போனால் இந்தக் கடற்கரையில் ஒரு ஹோட்டலும் அவளைச் சேர்க்காது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான், பெண் இன்னும் நர்ஸ் படிப்பை முடிக்கவில்லை. அதையெல்லாம்கூட அவள் சொல்லி அழவில்லை. அந்தக் கிழவிக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, நம்ம கிரெய்வினுக்கு ஒரு போன் போடுங்க. அவன் இங்கிலீஷ்ல அந்தக் கனடாக்காரர்ட்ட எடுத்துச் சொல்லட்டும், எங்க ஞானத்தாய் அப்படிப்பட்டவ இல்லன்னு. என் பிள்ளை சொன்னா முதலாளி நம்புவாரு."

காப்பி போடுகிற சாக்கில் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

கை வலிக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.


வெள்ளிக்கிழமை.

இன்றைக்கு வேலைக்குப் போகும்போது, நேற்று எழுதியதைக் கிழித்துவிட்டு வெறும் புளியை மட்டும் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எனக்கும் பயம் இருக்கிறது. இது வெளியே தெரிந்தால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் ஆமையும் போகும், பழையபடி துண்டை மலையாகக் குவித்துத் துவைக்கச் சொல்வார்கள், அடுத்த மார்ச்சில் நான் வாளியோடு வரிசையில் நிற்பேன். எல்லாவற்றுக்கும் மேலே நீ இருக்கிறாய். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்?

மத்தியானம் ஃபாப்ரிசியோ சலவைக்கூடத்துக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த வெக்கைக்குள் கால்வைத்து நான் பார்த்ததில்லை. பெண்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். "ஒதிலி அக்கா, ஆமை போச்சுன்னா ஐரோப்பாக்காரங்க வரமாட்டாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. சினியாவ நான் அம்போன்னு விட்டுடமாட்டேன், வேற எங்கயாவது சேர்த்துவிடுறேன். அன்னைக்குக் காலைல நீங்க மாடியில ஒண்ணும் பார்க்கலை. அவ்வளவுதான்" என்றார். நான் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தேன். வாசலில் நின்று திரும்பி, பையன் நன்றாக முன்னுக்கு வருகிறான், நீங்கள் தாய், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் காலை மாடியில் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் அம்மா பார்த்துவிட்டாள் என்று அவரிடம் சொன்னது யார்?

போனை எடுக்க உனக்கு நேரமில்லை. அம்மா வாயை அடைக்க ஆள் அனுப்ப மட்டும் நேரம் இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருவது கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நீயாக இதைச் செய்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஃபாப்ரிசியோ சொல்லாமல் நீ அந்தப் பையைத் தூக்கியிருக்கமாட்டாய். கேட்டால் அதையும் சொல். ஆனால் அது அவசியமே இல்லாத பொய்யடா. எத்தனை ஆமை மாட்டியிருக்கிறார்கள் என்று சலவைக்கு வருகிற துண்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் பாதிக்கு மேல் கதவுகளில் விருந்தாளிகள் தாங்களாகவே மாட்டியிருந்தார்கள். இரண்டாம் தரச் சான்றிதழ் கிடைத்திருக்கும். கிடைத்துவிட்டுப் போகட்டுமே. அந்த மீதிப் பாதிக்கு ஆசைப்பட்டு, நீ செதுக்கிய ஆமையை நீயே பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

சாயங்காலம் கார்னோ இங்கே விட்டுப்போன பெட்டியை எடுத்துப் போக வந்திருந்தார். இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த தாயார் இப்போதுதான் கண் விழித்துக் கஞ்சி குடிக்கிறாளாம். அவர் போன் மொழிபெயர்த்துக் கொடுக்க, சினியாவை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மா எங்களுக்குச் செய்தவள்தானே, நான் ஹோட்டல் மேல்தானே எழுதினேன் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதுதான் என் காதை விட்டுப் போகவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவரும் தாயாரும் துண்டு மாற்ற வேண்டாம் என்று சொல்கிறவர்கள்தானாம். "வேற நாளா இருந்து, என்னைக் கேட்டிருந்தா, நானே மாட்டியிருப்பேன்" என்றார். திங்கட்கிழமை அவரும் வருகிறார்.

இனி வளைத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முதலாளி என்னைக் கேட்பார். கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். உன்னைப் பெற்றவள் வாயால் உன் பெயர் வரக் கூடாது என்று இரண்டு நாளாக மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, அது உன் கையில் இருக்கிறது. நீயே வந்து நின்று உன் வாயால் சொல். வேலை போகலாம். போனால் அப்பாவின் படகு இருக்கிறது, இந்தக் கரையில் உன்னை மாதிரி நாலு எழுத்துத் தெரிந்தவனுக்கு வேலையா கிடைக்காது? ஆமையும் போகாது. பொய்யில்லாமல் மறுபடி ஆரம்பிக்க உனக்குத் தெரியும், ஊரும் உன்னோடு நிற்கும். நிற்காவிட்டால் நான் நிற்பேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதப் பிடிக்காமல் தள்ளிப்போட்டேன். புனித வாரம் வருகிறதே, சினியா வழக்கம்போலப் பூசணி இனிப்பு கிண்டி உனக்கென்று ஒரு ஜாடி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். புதன்கிழமை வந்தபோது அதையும் கொண்டுவந்தாள். வேலை போன வீட்டில் உட்கார்ந்து அடுப்பு மூட்டிக் கிண்டியிருக்கிறாள். பிள்ளை இந்த வருடம் வர முடியாது, பார்சலில் வைத்து அனுப்பிவிடுங்கள் அக்கா என்று என் கையில் கொடுத்தாள்.

நான் அதைப் பார்சலில் வைக்கவில்லை. அடுப்படி அலமாரியில் இருக்கிறது. மூடியைக்கூடத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ் இருக்கிறது. எல்மரிடம் உனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடல் பக்கம் ஜன்னலோரம் உட்கார், அந்தப் பக்கம்தான் நம் நிறுத்தம். பஸ் வருகிற நேரத்துக்கு நான் அங்கே நிற்பேன். நீ இறங்கினால் நேரே சினியா வீட்டுக்குப் போவோம், ஜாடியை நான் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கடவுளும் மாதாவும் வழி முழுக்க உனக்குத் துணையிருக்கட்டும்.

பஸ் நிற்காமல் போனாலும் உனக்காக வேண்டிக்கொண்டே இருக்கப் போகிற,
உன் அம்மா
ஒதிலி